மாரிச்செல்வி தனக்குப் போட்ட மார்க்

மதிப்பீடு, மதிப்பீடுன்னு இந்த ஆசிரியர் கூட்டத்துல காலையிலிருந்து பேசிக்கிட்டிருக்கோம். கொஞ்சம் நிறுத்துவோம்... ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க.

ஒரு என்ஜினீயரிங் காலேஜ். கடைசி வருஷத்துல ரெண்டு பொண்ணுங்க சேர்ந்து ஒரு ஆப் செஞ்சாங்க. அவசரத்துக்கு ரத்தம் கொடுக்கிறவங்களைத் தேடித் தர்ற ஆப். ஒருத்தி மாரிச்செல்வி. மூளை உண்டு, லேப்டாப் கிடையாது. இன்னொருத்தி தீக்ஷனா. லேப்டாப் உண்டு... மீதியை நீங்களே சொல்லிக்குங்க.

மொத்தத்தையும் எழுதினவ மாரிச்செல்வி. எழுதினது தீக்ஷனா லேப்டாப்புல. எந்த வரியை யார் எழுதினாங்கன்னு அந்த மிஷினே பேரோட பதிஞ்சு வச்சுக்கும். யார் பேரோட? லேப்டாப்காரி பேரோட! "உன் பேரை மாத்திக்கடி"ன்னு வகுப்புல ஒருத்தி சொல்லியிருக்கா. இவ என்ன சொன்னா? "இரவல் லேப்டாப்புடி. அதுல போய் என் பேரைப் போட்டா அவ என்ன நினைப்பா?"

தேர்வு நாள் வந்தது. இதுல மார்க் குறைஞ்சா வேலைக்கான நேர்காணல்ல உட்கார முடியாது. ஆளுக்கொரு தாள் கொடுத்து, பத்துக்கு எத்தனைன்னு அவங்களையே போடச் சொன்னாங்க. மாரிச்செல்வி ஒன்பது. தீக்ஷனாவும் ஒன்பது.

துறைத்தலைவர் லேப்டாப்பைப் பார்த்தார். "ஏம்மா, எல்லாம் தீக்ஷனான்னு இருக்கு. உன் பேரு ஒரு இடத்துல கூட இல்லையே?"

"சார்... நான்தான் சார் எழுதினேன். அவ லேப்டாப்புல."

"அப்படியா தீக்ஷனா?"

அந்தப் பொண்ணு தரையைப் பார்த்தா. "சேர்ந்துதான் சார் பண்ணோம்."

சேர்ந்துதான்! எவ்வளவு சௌகரியமான வார்த்தை பாருங்க.

சரின்னு தீக்ஷனாவை ஒரு கேள்வி கேட்டார். "ரத்தம் கொடுக்கிற ஒரே ஆளை ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேட்டா உன் ஆப் என்ன செய்யும்?" அவ மாரிச்செல்வி பக்கம் திரும்பினா. பொறுக்க முடியாம மாரிச்செல்வி பதிலைச் சொல்லிட்டா.

"உன்னைக் கேட்டேனா? பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா எல்லாம் மனப்பாடம் ஆயிடும்!"

அந்தத் தேர்வுக் குழுவில நானும் ஒருத்தனா இருந்தேன். "சார், ஆளுக்கொரு சின்ன மாற்றம் கொடுங்க, இங்கேயே செஞ்சு காட்டட்டும்"னேன். "இன்னும் எத்தனை டீம் காத்திருக்கு, தெரியுமா? நீங்க சும்மா இருங்க சார்." அதுக்கப்புறம் என்னை எந்தக் குழுவிலயும் சேர்க்கல... அது கிடக்கட்டும்.

தாளை மாரிச்செல்விகிட்டயே திருப்பி நீட்டினார். "நேர்மையா போடும்மா. இல்லைன்னா ஏமாத்தப் பார்த்ததா ரிப்போர்ட் எழுத வேண்டி வரும்." அந்தப் பொண்ணு ஒன்பதை அடிச்சா. நாலு போட்டா. அவரும் நாலு போட்டார்.

சாயங்காலம் கூட்டத்துல பெருமையா அறிவிச்சார்: "நம்ம மாணவர்கள் தங்களுக்குப் போட்ட மார்க்கும் நாம போட்ட மார்க்கும் அப்படியே பொருந்துது!" கை தட்டினாங்க. நேர்காணல்ல தீக்ஷனா உட்கார்ந்தா. மாரிச்செல்வியைக் கூப்பிடவே இல்லை.

ஆசிரியப் பெருமக்களே... சுயமதிப்பீடு வேணும்னு இன்னிக்குத் தீர்மானம் போடப் போறீங்க. போடுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அந்த நாலு, யார் போட்ட மார்க்? பேனா அவ கையில இருந்துச்சு, அவ்வளவுதான். பயந்த பிள்ளைகிட்ட பேனாவைக் கொடுத்து நம்ம முடிவை எழுதி வாங்கிட்டு, அதுக்கு நேர்மைன்னு பேர் வைக்கிறோம். மிஷின் சொன்னதை நம்பினோம். எதிரே நின்ன பிள்ளையை, "எங்கே, செஞ்சு காட்டு"ன்னு ஒரு வார்த்தை கேட்கல.

நீங்களும் கேட்கப் போறதில்லை. எனக்குத் தெரியும்.