லைட் மேல ஒட்டுன கறுப்பு டேப்

இல்ல பத்ரிண்ணா, வயர் மாத்தியாச்சு, இனிமே அந்த வண்டியில ஒண்ணும் இல்லன்னு மறுபடியும் அதையே சொல்லாதீங்க. ஃப்ரேசர் டவுன்லேர்ந்து ஆட்டோ புடிச்சி, இந்த ஜாம்ல நீலசந்திரா வரைக்கும் ஓடி வந்தது அதைக் கேக்கறதுக்கு இல்ல. ஒரே ஒரு போன். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டு, இன்னிக்கி காரை ரேஸ் ட்ராக்குல எறக்காதீங்க கிளெமென்ட்னு நீங்க சொல்லணும். அவ்ளோதான்.

நான் போட்டா எடுக்கமாட்டேங்கறாரு. காலையிலேர்ந்து பதினாலு தடவை போட்டுட்டேன். போகாதீங்கன்னு அழப்போறேன்னு அவருக்குத் தெரியும். நீங்க மெக்கானிக், உங்க நம்பர் வந்தா எடுப்பாரு. பதினொன்னரைக்கு அவரு குரூப்பை ட்ராக்குல விடுவாங்க. இப்பவே பத்து அம்பது.

உக்காரல, பரவால்ல. டீ கீ எதுவும் வேணாம். சும்மா பயந்துக்கிட்டு வந்து நிக்கறேன்னு மட்டும் நெனைக்காதீங்க.

ஆமா, லைட்டுதான். அதே ஆயில் லைட்டு, டேஷ்போர்டுல சிவப்பா எரியுமே. தெரியும்ணா, இந்த ஒரு வருஷத்துல மூணு தடவை அதுக்குத்தான் வண்டி இங்க வந்துச்சி. மொதல்ல ஸ்விட்சை மாத்துனீங்க. அப்புறம் பம்பைக் கழட்டிப் பாத்தீங்க. கடைசியிலதான் வயர் தோலு உரிஞ்சி இன்ஜின் மேல ஒரசுதுன்னு கண்டுபுடிச்சீங்க. வயர் இரும்பைத் தொட்டா லைட் எரியும், ஆயிலுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்லன்னு சொன்னீங்க. எல்லாம் ஞாபகம் இருக்கு. அவரு இந்தக் கடை வாசல்லயே உங்க மேல கத்துனாரே, ஒரு வயரைக் கண்டுபுடிக்க மூணு தடவையா, நீயெல்லாம் மெக்கானிக்கான்னு... அதுவும் ஞாபகம் இருக்கு. நான் காருக்குள்ளயே உக்காந்திருந்தேன். எறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல.

ஆனா இது வயர் இல்லண்ணா. எப்படித் தெரியும்னா... தெரியும்.

சரி, கேளுங்க, ஒவ்வொண்ணா கேளுங்க. வியாழக்கிழமை நான்தான் ஓட்டுனேன். ஹெப்பால் ஃப்ளைஓவர்ல ரவுண்டா சுத்தி வர்ற எடம் இருக்குல்ல, ஸ்டியரிங்கை லெஃப்ட்லயே ஒடிச்சிப் புடிச்சிக்கிட்டு வருவோமே, அங்கதான் எரிஞ்சிச்சி. நேர் ரோட்டுக்கு வந்ததும் அணைஞ்சிடுச்சி. எனக்கு நம்ப முடியல, வேணும்னே போயி இன்னொரு சுத்து சுத்தி வந்தேன். அதே எடத்துல மறுபடி எரிஞ்சிச்சி. ஹம்ப் மேல ஏறி எறங்குனா எரியல. வயர்னா ஹம்ப்லதானே எரியணும்? முன்னாடியெல்லாம் வண்டி குலுங்குனாலே பளிச் பளிச்சுன்னு எரியும்.

சத்தமா? இருந்துச்சி. லைட் எரியும்போது மட்டும் டக்குடக்குடக்குன்னு, தையல் மெஷின் மாதிரி. ஆமா, இன்ஜின் நல்லா சூடானதுக்கு அப்புறம்தான்.

பாத்தீங்களா, உங்க மூஞ்சே மாறுது.

அவர்கிட்ட சொல்லாம இருப்பேனா? அன்னிக்கே சொன்னேன். சிரிச்சாரு. இந்த லைட்டுக்குப் பொய் சொல்லியே பழகிடுச்சி லவினான்னு சொல்லி, கறுப்பு டேப்புல ஒரு துண்டு கிழிச்சி லைட் மேலயே ஒட்டிட்டாரு. ட்ராக்குல கண்ணுக்குத் தொந்தரவா இருக்குதாம். நேத்து சாயங்காலம் எப்பவும் போல வெயிட் கொறையட்டும்னு பின்சீட்டைக் கழட்டி வெச்சிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டு கோயம்புத்தூர் கெளம்பிட்டாரு. அந்த சீட்டு எங்க ஹாலுல கெடக்குது.

இருங்க, இதைப் பாருங்க. இந்தக் கவரைப் பிரிங்க, உள்ள டிஷ்யூதான். நேத்து அவரு குளிக்கப் போனப்ப பானெட்டைத் தொறந்து, ஆயில் பாக்கற கம்பியை உருவித் தொடச்சேன். வெளிச்சத்துல சாய்ச்சிப் பாருங்க. மினுமினுக்குதுல்ல? கிறிஸ்மஸ் கார்டைத் தொட்டா கையில மினுக்குப் பொடி ஒட்டுமே, அந்த மாதிரி. அது என்னண்ணா?

சொல்லுங்க. பேரிங்கா? உள்ளயே தேய்ஞ்சி தேய்ஞ்சி ஆயில்ல வருதா?

அப்ப வேகமா போறப்ப இன்ஜின் புடிச்சிக்குமா? டெரிக்குக்கு ஆன மாதிரியா?

டெரிக்கு அவரு ஃப்ரெண்டு, எங்க சர்ச் க்வயர்ல பாடுவாரு. போன வருஷம் அதே ட்ராக்குல, என் கண்ணு முன்னாடி. நாங்க பொம்பளைங்க எல்லாம் நெழல்ல உக்காந்து ஜூஸ் குடிச்சிட்டிருந்தோம். இன்ஜின் புடிச்சிக்கிச்சி, சக்கரம் நின்னுபோச்சி, வண்டி சுத்திக்கிட்டே போயி டயர் அடுக்கி வெச்சிருப்பாங்களே, அதுல மோதிச்சி. இன்னிக்கும் கம்பு ஊனித்தான் நடக்கறாரு. ஆயில் லைட் எரிஞ்சிதாம், அவரு கவனிக்கலையாம். அன்னிக்கி திரும்பி வர்ற வழியெல்லாம் கிளெமென்ட் சொல்லிக்கிட்டே வந்தாரு, நான் எதுக்கும் பயப்படமாட்டேன், ஆனா அந்த லைட் எரிஞ்சா மட்டும் ட்ராக் பக்கமே போகமாட்டேன்னு. வேற எது சொன்னாலும் கேக்காத மனுஷன். அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியா புடிச்சிக்கிட்டேன்.

போனை எடுங்கண்ணா, இன்னும் என்ன யோசனை?

புரியுது. வயர்னு நீங்களே சொல்லிட்டு இப்ப இன்ஜின்னா அவரு திருப்பிக் கேப்பாருதான். போன் போட்டு, கடைசியில அது மறுபடியும் வயராவே இருந்துட்டா உங்க பேரு இன்னும் கெட்டுப்போவும். ஆனா அது வயர் இல்ல. நான் கையை விட்டுப் பாத்தேன். ஃபில்டருக்குக் கீழ, வயர் மேல நீங்க சுத்துன ட்யூப் அப்படியே இருக்கு, ஒரு கீறல் கூட இல்ல.

ஆமா, அந்த எடம் எனக்குத் தெரியும். கையை வளைச்சி விட்டாத்தான் எட்டும். நீங்கதானே காட்டுனீங்க? டெரிக்குக்கு அப்படி ஆனதும் சர்வீசுக்கு வந்தோமே, அப்ப இந்த லைட் ஒழுங்கா எரியுமான்னு நான்தான் கேட்டேன். வயரைக் கழட்டி இன்ஜின்ல தொட்டு, பாத்தீங்களாம்மா, எரியுதுன்னு காட்டுனீங்க.

அதான்ணா. அந்த மூணு தடவையும் வயரைச் சுரண்டுனது நான்தான். வெங்காயம் நறுக்குற சின்னக் கத்தியால, ட்ராக்குக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. மூணு தடவையும் அவரு போகல. இந்தத் தடவையும் வியாழக்கிழமை ராத்திரி செய்யலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஹெப்பால்ல அதுவா எரிஞ்சிடுச்சி. நேத்து அவரு கெளம்பறப்ப வாசல்ல நின்னு சொல்லிடலாம்னு வாயைத் தொறந்தேன், அவரு மொகத்தைப் பாத்ததும் வரல.

அப்படிப் பாக்காதீங்கண்ணா. அப்புறம் எவ்ளோ வேணா திட்டுங்க, நின்னு வாங்கிக்கறேன். மொதல்ல போடுங்க. ரிங் போவுதா? எடுத்தா அந்த டேப்பைப் பிரிச்சிப் போடச் சொல்லுங்க. நம்பமாட்டேன்னாருன்னா, இதுவரைக்கும் பொய் சொன்னது லைட் இல்ல, உங்க வீட்டம்மான்னு சொல்லிடுங்க.