தெக்லா அத்தையும் பார்லிக் குவியலும்

"ஹலோ... மிரோனா? மாப்ளே, நல்லாக் கேட்டுக்கோ. வேணும்னா எழுதியே வச்சுக்கோ. இந்த ஒரெஸ்ட் பிலிப்சுக் உசுரோட இருக்கற வரைக்கும் அவன் நிலத்துல ஒரு மாட்டுக் குளம்பு படாது. ஒண்ணே ஒண்ணு கூடப் படாது. ... ஆமா. ... ஆமா ஆமா, சத்தியமாத்தான் சொல்றேன். ... இப்ப எத்தனை நிக்குதா? ... ஒரு நாப்பது இருக்கும்."

சொன்ன சொல்லில் ஒரெஸ்டுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. கொள்கை வேறு, நிலவரம் வேறு. களத்தின் நடுவில் காலை அகட்டி, தொப்பியை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு எதிரே, அறுத்த பயிர்த் தாளின் ஓரத்தில், நாற்பது மாடுகளும் நின்றன. எல்லாம் மிரோனுடையவை. மிரோன் பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பிறகு அவர் தங்கை ஜெனியாவைக் கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே பக்கத்துப் பண்ணையையும் வாங்கியவன்.

"எப்படி வந்துச்சா? பஸ்ஸுலயா வரும்? நடந்துதான் வந்துச்சு. ... வேலியா? என் பக்கம் ஏதுடா வேலி? அறுப்பு மெஷின் திரும்ப இடம் பத்தலைன்னு எல்லாத்தையும் பிடுங்கிட்டேனே, உனக்குத் தெரியாதா? உன் பக்கத்து வேலியக் கேளு. அதை உன் தெக்லா நெஞ்சால முட்டிச் சாய்ச்சுட்டு வந்திருக்கா. ... ஆமா, அவதான் முன்னாடி. மத்ததெல்லாம் பின்னாடி, சர்ச்சுல நன்மை வாங்கப் போற மாதிரி வரிசையா."

தெக்லா என்பது கூட்டத்தின் தலைமாடு. ஒரெஸ்டின் சொந்த அத்தையின் பெயரை மிரோன் அதற்கு வைத்திருந்தான். அத்தை சந்தோஷமாகத்தான் இருந்தாள், பிறந்தநாளுக்கு அந்த மாட்டுக்கு ஒரு மணி கூட வாங்கிக் கொடுத்தாள். மன்னிக்காதவர் ஒரெஸ்ட் ஒருவர்தான்.

"தண்ணிக்கா? ... உன் குட்டை என்ன ஆச்சு? ... அடப்பாவி, மொத்தமும் சேறா? ... ம்... ம்... தண்ணி லாரியும் வரலையா? ... சரி, தாகம், புரியுது. தாகமா வந்தது தண்ணியை மோந்து பாத்துட்டுப் போனா நான் ஏன் உனக்குப் போன் பண்றேன்? இதுங்க மூக்கு நேரா என் பார்லிமேல இருக்கு மாப்ளே!"

பார்லி அவர் முதுகுக்குப் பின்னால் தரையில் ஒரு சின்ன மலையாகக் குவிந்து கிடந்தது. உலோகக் குதிர்கள் ஏழும் விற்காத எண்ணெய் விதையால் நிறைந்துவிட்டன. ரயில்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். டவுன் கிடங்கு, ரயில் வந்தால்தான் இறக்குவோம் என்று கதவைச் சாத்திவிட்டது.

"ஏன் தரையிலயா? வேற எங்க கொட்டறது, கட்டில்லயா? குதிர்ல பூரா கனோலா. போன வருஷத்துக் கனோலா! கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் வரியப் போட்டுட்டான், இந்தப் பக்கம் ஒருத்தன் ரயிலை நிறுத்திட்டான், நடுவுல நான் உக்காந்து அதுக்குக் காவல். மழை பெய்ய வேண்டியப்போ பெய்யல. இப்ப பார்லி வெளிய கிடக்குன்னு தெரிஞ்சா நாளைக்கே பெய்யும், பாரு. ... என்ன? ... தின்னா தின்னட்டும்னு விட்டுரலாமா? நான் விலை கேட்டேனா இப்ப? ... அப்புறம்? ... என்னடா சொல்றே? செத்துருமா?"

தொப்பி வீசிக்கொண்டிருந்த கை நின்றது.

"பார்லி தின்னு எந்த மாடுடா செத்துச்சு? நீயும் தினம் போடறேல்ல? ... ஓ. ... கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணுமா. ... ஒரேயடியா வயிறு முட்டத் தின்னா உள்ள புளிச்சு... ம்... படுத்துருமா... எந்திரிக்காதா? ... எல்லாமேவா? ... சரி சரி, கத்தாதே. ஒண்ணும் இன்னும் வாய் வைக்கல. ஒரு கன்னுக்குட்டி மட்டும் ஓரமா... ஏய்! போ! ஹேய்ய்! ... உன்ன இல்லடா, கன்னுக்குட்டிய."

கன்று இரண்டடி பின்வாங்கி, அவமானப்படுத்தப்பட்ட பெரிய மனிதரைப் போல அவரைப் பார்த்தது. அது விலகிய இடத்தில் வேறு இரண்டு மாடுகள் முன்னால் வந்தன.

"நீ எங்க இருக்கே? ... அங்கயா! இங்க வர ரெண்டு மணி நேரம் ஆகுமேடா! அங்க என்ன பண்றே? ... வைக்கோலா? சரி. ஜெனியா? ... ஆஸ்பத்திரி டியூட்டியா, போனை எடுக்க மாட்டா. என் பொண்டாட்டி டார்லீனும் டவுனுக்குப் போயிருக்கா. ... ஆமா, நான் ஒருத்தன்தான். அதனால என்ன? இது மூவாயிரம் ஏக்கர் பண்ணை மாப்ளே. இதை ஓட்டறது மனுஷன் இல்ல, அறிவு. மாட்டை எப்படி விரட்டணும்னு இன்னிக்கு நான் உனக்குக் காட்டறேன். போனை வைக்காதே. ... எதுக்கா? நீ கத்துக்கத்தான்."

ட்ரோன் மேலே கிளம்பியது. வயலில் எங்கே பூச்சி, எங்கே பயிர் மஞ்சளாகிறது என்று மேலிருந்து பார்ப்பதற்காக ஒரெஸ்ட் அதை வாங்கியிருந்தார். பெரும்பாலும் மிரோன் என்ன செய்கிறான் என்று பார்க்கத்தான் பயன்பட்டது.

"ஏறிடுச்சு... மேற்கால சுத்திக்கிட்டுப் போறேன்... இப்ப பின்னாடியிருந்து இறக்கறேன். அந்தச் சத்தத்துக்கு அப்படியே உன் பக்கம்... ஆங்... ஓடுது ஓடுது! பாத்தியா! ... எந்தப் பக்கமா? ... இரு. ... இரு இரு. ... ஏய்! இந்தப் பக்கம் இல்ல! ஏய்ய்ய்!"

பின்னால் சத்தம் கேட்டால் மாடு முன்னால் ஓடும். முன்னால் பார்லி இருந்தது. ஒரெஸ்ட் குவியலின் மேலேயே ஏறி, முழங்கால் வரை புதைந்து, தொப்பியைக் காற்றாடிபோலச் சுழற்றினார். கூட்டம் அவர் கண்ணெதிரே இரண்டாகப் பிரிந்து, குழம்பி, ஒருவழியாக நின்றது. ட்ரோன், பேட்டரி தீர்ந்த நிலையில் செய்யவேண்டியதை ஒழுங்காகச் செய்தது. மெதுவாக, பத்திரமாக, தெக்லாவின் காலடியில் இறங்கியது. தெக்லா அதை நக்கிப் பார்த்தாள். பிறகு மிதித்தாள்.

"ஒண்ணும் இல்ல. ... ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன்ல. ... சிரிக்காதே. சிரிச்சா போனை வச்சிருவேன். ... சரி, டிராக்டரைக் குறுக்க நிறுத்தறேன். சுவர் மாதிரி நின்னா எப்படி வரும்? இரு, ஏறறேன்."

கதவு சாத்தும் சத்தம். பிறகு நிசப்தம். பிறகு டிராக்டரின் திரையிலிருந்து இனிமையான மணியோசை ஒன்று.

"என்னது? ... ஸ்டார்ட் ஆகல. ... டீசல் இருக்குடா! ஏதோ சென்சாராம். திரையில அழகா எழுதியிருக்கான், 'அங்கீகரிக்கப்பட்ட மெக்கானிக்கை அணுகவும்'னு. ... அவனா? வியாழக்கிழமை வருவானாம். ... நான் தொறந்து பாக்கலாம், தொறந்தா வண்டி முழுசா பூட்டிக்கும். எனக்குச் சொந்தமான வண்டி, அதுக்கு நான் யாருன்னே தெரியல! நாளைக்கு எத்தனை மணிக்குக் காத்து அடிக்கும்னு சொல்லுது மாப்ளே, பத்தடி நகர மாட்டேங்குது. எங்கப்பன் வச்சிருந்த வண்டிய ஒரு சுத்தியலும் நாலு கெட்ட வார்த்தையும் இருந்தா கிளப்பிடலாம்... ஏய்! ஏய்! இறங்கு அதுலேர்ந்து!"

குதித்து இறங்கி ஓடினார். மூன்று மாடுகளின் வாய் குவியலுக்குள் இருந்தது. கன்னத்தில் அறைந்து, மூக்கில் தொப்பியால் அடித்து, தோளால் தள்ளி, அவற்றை விலக்கி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. இந்தப் பக்கம் விலக்கினால் அந்தப் பக்கம் வந்தன. அவர் ஒருவர், குவியல் வட்டம்.

"மிரோன்... இருக்கியா? ... ரொம்ப நேரம் தாங்காது. ... மூணு மாடு, ஒரு வாய், ரெண்டு வாய், அவ்வளவுதான். ... சொல்லு, என்ன பண்ணணும். ... ம். ... ம். ... முடியாது."

அவர் முகம் சிவந்தது.

"முடியாதுன்னா முடியாது. ... வாளியா? என்கிட்ட ஏதுடா வாளி, நான் என்ன மாட்டுக்காரனா? ... ஐஸ்கிரீம் வாளி ஒண்ணு இருக்கு, போல்ட்டு போட்டு வச்சிருக்கேன். ... சத்தம் வந்தாப் போதுமா? ... சரி, அது பரவால்ல. மத்தது முடியாது. ... ஏன்னா? போன வருஷம் சர்ச் ஹால்ல, பெரோகிக் கொழுக்கட்டை விருந்துல, ஊரே பாக்க நீ மாடு கூட்டிட்டுப் போற அழகை நடிச்சுக் காட்டினவன் நானு! ஃபாதரே சிரிச்சாரு! மாட்டுக்கு முன்னாடி பாடிக்கிட்டு நடக்கறவனும் ஒரு மாடுதான்னு மைக்ல சொன்னேன்! ... ஆமா, ஞாபகம் இருக்கும், உனக்கு ஏன் இருக்காது. ... 'வா என் தங்கமே, வழி எனக்குத் தெரியும், தண்ணி கிடக்கற இடம் எனக்குத் தெரியும்'... தூ! மனுஷன் பாடுவானா இதை? ... திரும்பிப் பாக்கக் கூடாதா? ... பாத்தா? ... நின்னுருமா. ஏனாம்? ... 'நம்பலைன்னு தெரிஞ்சுக்கும்'. கேளு. மாடு தெரிஞ்சுக்குமாம். நாப்பது வருஷமா உன்கிட்ட இதைத்தான் கேட்டுட்டு இருக்கேன். வித்துத் தொலைடான்னு எத்தனை தடவை... இரு. பின்னாடி என்ன சத்தம் அது?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"யாருடா மைக்ல அவ்வளவு வேகமாப் பேசறான்? ... ரேடியோவா? ரேடியோல எவன்டா ஏலம் விடறான்? ... மிரோன். ... நீ வைக்கோலுக்குப் போகல. மாட்டை விக்கப் பேர் கொடுக்கப் போயிருக்கே."

அவர் தெக்லாவைப் பார்த்தார். அதன் கழுத்து மணி ஒருமுறை அசைந்தது.

"எத்தனை? ... எல்லாமேவா. ... ம். ... ம். விலை நல்லா இருக்குதான், இல்லைன்னு சொல்லல. எல்லாரும் விக்கறான். தண்ணி இல்லாதவன் என்ன பண்ணுவான்... ம். ... ஜெனியாவுக்குத் தெரியுமா? ... அழுதாளா? ... நீ? ... சரி, கேக்கல. ... தெக்லாவையுமா? ... வயசாச்சு, ஆமா, வயசான மாட்டை எவன் வாங்கி வளர்க்கப் போறான், நேரா வெட்டத்தான். ... இல்லடா, எனக்கு என்ன. நான்தானே வித்துத் தொலைன்னு சொன்னேன். சந்தோஷம். ரொம்ப சந்தோஷம். நாளையிலேர்ந்து காலையில உன் கழுதைப் பாட்டுச் சத்தம் கேக்காது. நிம்மதியாத் தூங்குவேன்."

தொப்பியைத் தலையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"கையெழுத்துப் போட்டுட்டியா? ... இன்னும் இல்லையா. உன் முறை வரலையா. ... இல்ல, சும்மாதான் கேட்டேன். ... மிரோன், என் குட்டையில தண்ணி கிடக்கு. பாப்லர் மரத்துக்கு அந்தப் பக்கம், நெறையவே கிடக்கு. பனி விழற வரைக்கும் வரும். ... நான் எங்கடா தரேன்னு சொன்னேன்? கிடக்குன்னு சொன்னேன். தகவல். ... தீவனமா? தரையில ஒரு மலையே கிடக்கு, நீதான் சொன்னியே, கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கினா... ஏய், நான் எதுவும் சொல்லல. வாக்குக் கொடுத்தேன்னு ஊர்ல போய்ச் சொன்னே, கொன்னுருவேன். உன் முறை வந்தா கொஞ்சம் காபி கீபி குடிச்சுட்டு வரேன்னு சொல்லுன்னுதான் சொல்றேன். அவ்வளவுதான். ... என்ன? ... பாட்டைச் சொல்லித் தரியா? வேணாம். ... வேணாம்டா, தெரியும். அதான் ஊருக்கே நடிச்சுக் காட்டறேனே, வார்த்தை தெரியாமயா? ... நீ லைன்லயே இருந்து கேப்பியா? ... ஹலோ? ... ஹலோ, மிரோன்? ... கேக்கல. ... விட்டு விட்டு வருது. சிக்னல் போச்சு. இந்த மாகாணத்துல ஒரு டவர் ஒழுங்கா... ஹலோ..."

போனில் நான்கு கோடுகளும் நிறைந்து நின்றன. ஒரெஸ்ட் சிவப்புப் பொத்தானை அழுத்தி, அதைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டினார்.

கொட்டகைக்குள் ஓடி ஐஸ்கிரீம் வாளியோடு வந்தார். வடக்கே பார்த்தார், யாருமில்லை. தெற்கே சாலையைப் பார்த்தார், எந்த வண்டியின் புழுதியும் எழவில்லை. வாளியைக் குலுக்கினார். நாற்பது தலைகள் நிமிர்ந்தன.

முதலில் சர்ச் ஹாலில் பாடிய மாதிரியே பாடினார், மூக்கால், இழுத்து இழுத்து. ஊரைச் சிரிக்கவைத்த குரல் அது. தெக்லா அசையவில்லை. அத்தையும் அன்று சிரிக்காமல் இதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள்.

ஒரெஸ்ட் தொண்டையைச் செருமினார். குரலைத் தாழ்த்தி, தன் சொந்தக் குரலில், ஒழுங்காக மறுபடி தொடங்கினார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி, பார்லியை அவற்றிடம் அப்படியே விட்டுவிட்டு, பாப்லர் மரங்களை நோக்கி நடந்தார்.

திரும்பிப் பார்க்காமல் நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வாளியில் போல்ட்டுகள் உருண்டன. தாள் நொறுங்கும் ஓசை தன் காலடியில் மட்டும் கேட்கிறதா, பின்னாலும் கேட்கிறதா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. மரங்களை நெருங்கும்போது அவருக்கு வெகு அருகே ஒரு மணி அசைந்தது. முழங்கையில் சூடான மூச்சு ஒன்று பட்டது.

சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஒரெஸ்ட் எடுக்கவில்லை. ஹாலில் முதல் அடிக்கே எல்லோரும் சிரித்துவிட்டதால், இரண்டாவது அடியை அவர் யாரிடமும் பாடிக் காட்டியதே இல்லை. அதுவும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.