நூற்று எண்பத்தேழு கோல்கள்

எனக்குக் கால்பந்து பிடிக்காது, டாக்டர். பிடிக்காத ஒன்றைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருப்பவள் இந்தப் பூனாவில் வேறு ஒருத்தி இருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் மெல்ஸ்பி டவுன் என்று ஒரு சின்ன ஊர்க் கிளப். பெரிய கோப்பை எதையும் ஜெயித்ததில்லை. மூன்றாவது டிவிஷனுக்கும் நான்காவதுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். என் கணவர் கிருஷ்ணஸ்வாமி விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்தபோது, ஒரு வருஷப் பயிற்சிக்கு அந்த ஊருக்கு அனுப்பினார்கள். எங்கள் கல்யாணத்துக்கு முந்தி. அவர் தங்கியிருந்த வீட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் மேட்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். குளிர், பேச ஆளில்லை, சைவச் சாப்பாடு கிடையாது. மைதானத்தில் பக்கத்தில் நின்று கத்தியவர்கள்தான் தோளில் கைபோட்டு இவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்த நன்றியை அவர் இன்றுவரை விடவில்லை. திரும்பி வரும்போது கிளப்பின் சாதனைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். புதுப்பதிப்பு வரும்போதெல்லாம் அந்த வீட்டுக்காரரின் பெண் தபாலில் அனுப்புவாள்.

போன வாரம் ஸ்கேன் படத்தை என் பக்கம் திருப்பி, "மாமி, இந்த வயசுக்கு மூளை நன்னாவே இருக்கு. அப்புறம் ஏன் மாமா இப்படி ஆயிட்டார்?" என்று கேட்டீர்கள். இந்த வாரம் என்னைத் தனியாக வரச் சொன்னீர்கள். அதனால் சொல்கிறேன்.

ஜோத்பூர் குவார்ட்டர்ஸில் கரண்ட் போனால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. டார்ச்சையும் புத்தகத்தையும் என் மடியில் வைத்து, "எந்தப் பக்கமானாலும் பிரி, பட்டு. கேள்" என்பார். அதிக மேட்ச் ஆடிய கோல்கீப்பர் யார், மைதானத்தில் அதிகக் கூட்டம் எந்த வருஷம், படுதோல்வி யாரிடம். அவர் சொல்வார். நான் பார்த்துவிட்டு 'சரி' என்பேன். அதுதான் விளையாட்டு. அனிருத் பிறந்த பிறகு அவனைத் தூங்கவைப்பதும் அந்தக் கோல் கணக்குகளைச் சொல்லித்தான். ஜோத்பூர், அம்பாலா, கோரக்பூர் என்று மாற்றல் வந்தபோதெல்லாம் அவர் சொன்னார், நான் சரி என்றேன். விளையாட்டிலும் வீட்டிலும் எனக்கு ஒரே வார்த்தை.

கடைசியாகப் பூனா. விமானப்படைத் தளம் இருக்கிற லோஹேகாவ் பக்கத்தில் ஃபிளாட் வாங்கினோம். ஐம்பது வயதுக்கு மேல் நான் மராத்தி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் சொசைட்டியின் மகளிர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். எதிர் வீட்டு ஜோஷி காகூவிலிருந்து காய்கறிக்காரன் வரைக்கும் என்னை 'பட்டு தாயி' என்று கூப்பிட்டார்கள். நம் ஊரில் அக்கா என்கிற மாதிரி. கிருஷ்ணஸ்வாமி பெண்டாட்டி என்று யாரும் சொல்லவில்லை. இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று உங்களுக்குத் தோன்றலாம்.

அதற்குள் அவருக்கு விழித்திரை கெட்டு நடுப்பார்வை போய்விட்டது. நடமாடுவார், ஆனால் எழுத்து தெரியாது. அதற்குப் பிறகு அந்த விளையாட்டு தினசரி ஆகிவிட்டது. விளக்கேற்றிவிட்டு நான் உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார்.

போன வருஷம் அனிருத் இங்கிலாந்திலிருந்து போன் செய்தான். "வீட்டைக் குடுத்துட்டு ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்கோப்பா. மெல்ஸ்பி இங்கேர்ந்து ரெண்டு மணி நேரம்தான். மாசம் ஒரு மேட்ச் கூட்டிண்டு போறேன்." இவர் போனை வைத்துவிட்டு என்னிடம், "பட்டு, பொட்டியைக் கட்டு" என்றார். அந்த வாரமே புரோக்கர் வீட்டைப் பார்க்க வந்துவிட்டான். நான் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

எனக்குக் கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம், என் மூக்குக்கண்ணாடியில் அப்பளம் பொரித்த எண்ணெய் தெறித்திருந்தது. ஆல்ஃப் ப்ரெண்ட்வுட் என்று ஒரு ஆட்டக்காரர். அந்தக் கிளப்புக்காக அதிகக் கோல் போட்டவர். மொத்தம் எத்தனை என்று கேட்டேன்.

"நூத்தி எண்பத்தேழு. இதெல்லாம் ஒரு கேள்வியாடி?"

ஏழு எனக்கு ஒன்றாகத் தெரிந்தது. "நூத்தி எண்பத்தொண்ணுன்னு போட்டிருக்கே."

"நன்னாப் பாரு."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நூற்று எண்பத்தேழு. "எண்பத்தொண்ணுதான்னா" என்றேன்.

"அப்படியா? நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் போலருக்கு" என்றார். அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். மறுநாளும் கேட்க வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. ஆனால் மறுநாளும் கேட்டேன்.

எல்லாவற்றையும் தப்பென்று சொன்னால் என்னைச் சந்தேகப்பட்டிருப்பார். எப்போதாவது ஒன்றை மட்டும் மாற்றினேன். அதுவும் அவருக்கு மிக நிச்சயமாகத் தெரிந்ததாகப் பார்த்து. சந்தேகமாக இருப்பது தப்பாகப் போனால் யாருக்கும் வலிக்காது, டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய பழைய சகா ரவிசந்திரன் பொஹா, அதாவது இந்த ஊர் அவல் உப்புமா, சாப்பிட வருவார். வந்ததுமே வம்புக்கு இழுப்பார். "என்ன ஸ்வாமி, உன் டீமு இந்த வருஷமாவது ஜெயிக்குமா, இல்ல நம்ம ஏரவாடா தெருப் பசங்க நாலு பேரை அனுப்பணுமா?" வழக்கமாக இவர், "உனக்குக் கேரம் போர்டுக்கும் ஃபுட்பாலுக்கும் வித்தியாசம் தெரியாது, சாப்பிட்டுட்டுப் போ" என்பார். அன்று தட்டைத் தள்ளி வைத்தார். "ரவி, எனக்கு நம்பரெல்லாம் நழுவறதுடா."

"எனக்குப் பொண்டாட்டி பேரே நழுவுது. அவளும் கண்டுக்கறதில்ல. விடுய்யா."

நானும் சிரித்துக்கொண்டே அவருக்கு இன்னும் கொஞ்சம் பொஹா போட்டேன்.

போனைக் கேட்டால் சொல்லியிருக்குமே என்பீர்கள். கேட்டார். அது வேறு ஏதோ பெரிய கிளப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே போயிற்று. அனிருத்திடமும் கேட்டார். "ப்ரெண்ட்வுட் எத்தனைடா? கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்." பிள்ளை சிரித்தான். "அப்பா, எனக்குக் கிரிக்கெட்டே ஒழுங்காத் தெரியாது. புஸ்தகம் அம்மாகிட்டதானே இருக்கு? அம்மா சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்."

அந்தப் பதிலைச் சரிபார்க்கும் அக்கறை உலகத்தில் வேறு ஒருவருக்கும் இல்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். போனை என்னிடம் நீட்டிவிட்டு, பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்.

இதோடு நின்றிருந்தால் வெறும் விளையாட்டு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போனில் வர்ணனை போட்டுக் கொடுப்பேன், கேட்பார். அந்த வாரம் மெல்ஸ்பி இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. கடைசி நிமிஷத்தில் கோல். கையில் மோர்சாதத்தோடு எழுந்து நின்றுவிட்டார். மறுநாள் காலை நான் பொஹாவுக்கு வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தபோது சமையலறைக்கு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "நேத்து அந்தக் கடைசி கோல், பட்டு..."

"நேத்து மேட்ச்சே இல்லையேன்னா. அடுத்த வாரம்தானே?"

"கேட்டேனேடி. எழுந்துகூட நின்னேனே."

"கனவா இருக்கும்" என்று சொல்லி, அடுப்பை அணைத்துவிட்டு, ஜுரம் இருக்கிறதா என்று பார்ப்பது போல நெற்றியில் கை வைத்தேன். அவர் என் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை வர்ணனை போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். நெஜமா நடக்கறதா இல்லையான்னு தெரியாம கேக்கறது பயமா இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகுதான் உங்களிடம் அழைத்து வந்தேன். தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது என்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் பயத்திலேயே தடுமாறினார். ஒவ்வொரு பதிலுக்கும் என் பக்கம் திரும்பினார். பிறகு கேள்விகள் என்னிடம் வந்தன. மறதியைப் பற்றிக் கூட இருப்பவரிடம்தானே கேட்பீர்கள்? நடக்காததை நடந்ததாகச் சொல்கிறாரா என்றீர்கள். ஆமாம் என்றேன். உதாரணம் கேட்டீர்கள். மேட்ச்சைச் சொன்னேன். "தைரியமா இருங்கோ மாமி" என்று என் தோளைத் தொட்டீர்கள். அழுதேன். அது நடிப்பு இல்லை, டாக்டர். அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு குமட்டல், தலைசுற்றல். காலை நடை நின்றது. முன்பெல்லாம் வீட்டுக்கு மேலே விமானம் போனால் சத்தத்தை வைத்தே எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். இப்போது சத்தம் அடங்கும்வரை காத்திருந்து என் பக்கம் திரும்புகிறார், நான் சொல்வேன் என்று. அனிருத்திடம் அவரே சொல்லிவிட்டார்: "நாங்க வரலைடா. இந்த நிலைமையில வந்து உனக்கும் உன் ஆம்படையாளுக்கும் பாரமா இருக்க முடியாது." புரோக்கர் வருவது நின்றது.

எனக்கு வேண்டியது அன்றே கிடைத்துவிட்டது. நான் நிறுத்தியிருக்கலாம். அப்போது நிறுத்தியிருந்தால் அவர் மீண்டிருப்பார் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அதற்குள், எந்தச் சட்டை போட்டுக்கொள்ளட்டும், இன்னும் ஒரு கரண்டி சாதம் போட்டுக்கொள்ளட்டுமா என்று எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்க ஆரம்பித்திருந்தார். நான் சொன்னால் 'சரி' என்பார். அது எனக்குப் பிடித்துவிட்டது. ராத்திரி அவர் தூங்கிய பிறகு அவர் பாதத்தைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். காலையில் எழுந்து வேறொரு எண்ணை மாற்றுவேன்.

நல்ல புத்தியோடு இருந்த ஒரு மனுஷரை, புத்தி போய்விட்டது என்று நம்பவைத்தேன். அவர் நம்பினார். நம்பியதால் போய்விட்டது. நோய் எதுவும் அவருக்கு வரவில்லை. நான்தான்.

அவரிடம் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். ஸ்கேன் பார்த்துவிட்டுப் போன அன்றே சொன்னேன். அவர் சொன்ன எண்ணெல்லாம் சரி, நான்தான் மாற்றிப் படித்தேன், அந்த மேட்ச்சும் நடந்தது, ஜெயித்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு என் கன்னத்தைத் தடவினார். "எனக்கு ஆறுதலுக்காகச் சொல்றே. உனக்குப் பொய் சொல்ல வராதுடி, பட்டு. ப்ரெண்ட்வுட் எண்பத்தொண்ணுதான். நீதானே பார்த்துச் சொன்னே?"

எந்தக் குரலில் சொன்னீர்கள் என்று இப்போது கேட்கிறீர்கள். வருஷம் பூராவும் அவரிடம் பேசிவந்த அதே தணிந்த குரலில்தான், நெற்றியில் கை வைத்துக்கொண்டு. நோயாளியிடம் பேசுகிற மாதிரிதான். அவர் நம்ப மாட்டார் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னேனா என்றால், அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

மாத்திரையை இன்றே நிறுத்த வேண்டும், அனிருத்தை நீங்களே கூப்பிட்டுப் பேச வேண்டும் என்கிறீர்கள். பேசுங்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் அவர் மிரண்டுபோவார். இந்த ஒரு மாசத்துக்கு மட்டும் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடுங்கள், டாக்டர். அவருக்கு எது நல்லது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?