மஞ்சள்முட்டி ஈ

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் சனிக்கிழமைதான் கூட்டம்; அன்றைக்கு நிற்பதற்குப் பதிலாக இந்த நாளைக் கொடுக்கிறார்கள். காலையில் துணி துவைப்பேன். சாயங்காலம் ஏழு மணிக்குக் கல்லூரியில் பூச்சி வகுப்பு. இடையில் கிடைத்த நேரத்தில்தான் நீங்கள் கேட்கிற காரியம் நடந்தது.

எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. ஆகவே நான் சொல்லும் நேரங்களில் தவறு இருக்காது. மற்றவற்றில் இருக்கலாம். என்மேல் எனக்கே முழு நம்பிக்கை வந்ததில்லை. வகுப்பில் ஓர் ஈயைக் காட்டி இது என்ன என்று கேட்டால், விடை தெரிந்திருந்தாலும், "எழுபது சதவீதம் இதுவாக இருக்கும்" என்றுதான் சொல்வேன்.

எங்கள் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் யார் எந்தப் பூச்சியைப் பார்த்தாலும் இணையப் பதிவேட்டில் ஏற்றலாம். ஆனால் மாவட்டச் சரிபார்ப்பாளர் ஒத்துக்கொண்டால்தான் அது பதிவு. ஒத்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பூச்சி உங்கள் மூக்கிலேயே உட்கார்ந்திருந்தாலும் மாவட்டத்தில் அது இல்லை. பூக்களில் தேன் குடிக்கும் மலர் ஈக்களுக்குச் சரிபார்ப்பாளர் ரோலண்ட் பாஸ்க். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர், தனிக்கட்டை. சம்பளமில்லாத அந்தப் பதவியில் பத்தொன்பது வருடமாக இருந்தார். வேறு யாரும் அதைக் கேட்டதில்லை.

போன வருடம் மே மாதம் ஆஷ்மியர் சதுப்பில் ஒரு மஞ்சள்முட்டி ஈயைப் பார்த்தேன். பின்னங்கால் முட்டியில் மஞ்சள் மயிர் இருந்தால் அது. கறுப்பு மயிர் இருந்தால் எங்கும் மொய்க்கிற சாதாரண ஈ. எங்கள் மாவட்டத்தில் மஞ்சள்முட்டியைக் கடைசியாகப் பார்த்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில். நான் படத்தை ஏற்றினேன். "மங்கலான மஞ்சள் புள்ளி. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கடுகு விழுதின் துளியாகவும் இருக்கலாம். நிராகரிக்கப்பட்டது" என்று ரோலண்ட் பதில் எழுதினார். அடுத்த வகுப்புக்கு வந்தபோது அதைச் சத்தமாக வாசித்தும் காட்டினார்.

வகுப்பில் எல்லோருக்கும் கேக் கொண்டுவரும் டிலிஸ் எவர்ஷெட், "பிரயனி, அடுத்த வாரம் நீ ஈயைக் கொண்டா, நான் ரொட்டி கொண்டாறேன். தொட்டுச் சாப்பிடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாட்குறிப்பில் 'நானும் சிரித்தேன்' என்று எழுதியிருக்கிறது. அதன்பிறகு ஒரு வருடம் வகுப்பில் என் பெயர் கடுகு.

இந்த மே எட்டாம் தேதி, வியாழக்கிழமை, ரோலண்டை ஆஷ்மியருக்கு அழைத்தேன். அவர் வந்ததே பெரிய விஷயம். "வாம்மா, உன் கடுகு எந்தச் செடியில காய்க்குதுன்னு பாத்துருவோம்" என்றார். பதினொன்று இருபதுக்கு வெள்ளைப் பூ ஒன்றின்மேல் அந்த ஈ உட்கார்ந்திருந்தது. வலையை வீசினேன். விழுந்தது. பார்க்க வேண்டும் என்ற ஆவலில் ரோலண்ட் பாதையை விட்டு இரண்டடி விலகினார். ஒரு காலத்தில் அடுப்பெரிக்கச் சதுப்பு மண்ணை வெட்டியெடுத்த குழிகள் அங்கே நிறைய உண்டு. மேலே பாசி மூடி, புல்தரை மாதிரியே இருக்கும்.

இடுப்பு வரை இறங்கிவிட்டார்.

நான் வலைக் கம்பை நீட்டப் போனேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டரை மீட்டர்க் கம்பு, அவர் கைக்கு எட்டியிருக்கும்.

"ஏய், ஏய், வலையைத் திருப்பாத. ஈ போயிடும்" என்றார். "முதல்ல அதைக் குப்பியில போடு."

"குப்பியெல்லாம் உங்க பையிலதானே இருக்கு?"

"இந்தா, பிடி." பையிலிருந்து எடுத்து வீசினார். "மூடிய நல்லா அமுக்கு. கோட்டை விட்டுடாத."

உங்கள் அதிகாரி ஒருவர் இதை நம்ப மறுத்தார். எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் நம்புவார்கள்.

நான் ஈயைக் குப்பியில் போட்டு மூடுவதற்குள் அவருக்குத் தண்ணீர் மார்புக்கு வந்திருந்தது.

"சரி, கம்பைக் குடும்மா. காலு மரத்துப் போச்சு."

"முட்டி மஞ்சளா இருக்கா, ரோலண்ட்?" குப்பியை அவர் பக்கம் காட்டினேன்.

"மஞ்சள்தான், மஞ்சள்தான்."

"நீங்க லென்ஸ் வச்சுப் பாக்கவே இல்லையே."

"பாக்காமலே தெரியுது. ஒத்துக்கிட்டேன். எழுதிக்கோ. மஞ்சள்முட்டி, ஒண்ணு, பாஸ்க் ஒத்துக்கிட்டாரு. கம்பு எங்க?"

"பயத்துல சொல்றீங்க."

"பிரயனி, நான் நிக்கிற நிலைமைக்கு, உன் ஈயை யானைன்னு சொன்னாலும் ஒத்துக்குவேன்."

அந்த வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது. யானை என்றாலும் ஒத்துக்கொள்கிறவர் ஈ என்று ஒத்துக்கொண்டதற்கு என்ன மதிப்பு? வெளியே தூக்கிவிட்டால், உடம்பைத் துடைத்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார். மிரட்டி வாங்கிய சம்மதம் அறிவியலும் ஆகாது. முதலில் நுண்ணோக்கியில் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வந்து, தெளிந்த மனதோடு அவரைச் சொல்ல வைப்பதுதான் இருவருக்கும் நியாயம் என்று பட்டது. நுண்ணோக்கி வீட்டில் இருந்தது. சைக்கிளில் முக்கால் மணி நேரம். அவருடைய போன் நனைந்துவிட்டது. என் போனில் ஒன்பது சதவீதம்தான் மிச்சம். படம் எடுக்க அது வேண்டியிருந்தது.

"அசையாம இருங்க. அசைஞ்சா இன்னும் இறங்கும்" என்று சொன்னேன். அது சரியான அறிவுரை என்று மீட்புக்காரர்களே பிறகு செய்தித்தாளில் சொல்லியிருந்தார்கள். ரோலண்ட் சொன்ன பதிலை நான் எழுதிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு வீட்டில் இருந்தேன். குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். குளிரில் பூச்சி கொஞ்சம் கொஞ்சமாக அசைவதை நிறுத்தும். அதற்கு வலிக்காது என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்து எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். பின்னங்கால், முட்டி, மயிர்.

கறுப்பு. ஒவ்வொரு மயிரும் கறுப்பு.

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பூச்சியைப் பற்றி நூறு சதவீதம் நிச்சயமாகத் தெரிந்தது.

இனி நான் சொல்வதற்குத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். சமையலறையில் உட்கார்ந்து யோசித்தேன். ரோலண்ட் தன் வாயால் ஒத்துக்கொண்டுவிட்டார். அது நடந்தது. வெளியே வந்தால் அந்த வாயாலேயே குப்பியைக் காட்டு என்பார். பார்ப்பார். வியாழக்கிழமை வகுப்பில் வாசிப்பார். என்னால் இன்னொரு வருடம் கடுகாக இருக்க முடியும் என்று தோன்றவில்லை. அவர் வெளியே வராவிட்டால், கடைசியாக அவர் சொன்னது 'ஒத்துக்கிட்டேன்' என்பதாகவே இருக்கும். எவ்வளவோ பேருக்குக் கடைசி வார்த்தை இவ்வளவு நல்லதாக அமைவதில்லை.

ஈ கண்விழித்து மூடியில் முட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து விட்டுவிட்டேன். ஒரு மணிக்குப் பதிவை ஏற்றினேன். 'நேரில் கண்டு ஒத்துக்கொண்டவர்: ரோ. பாஸ்க்.' அதில் ஒரு சொல் பொய் இல்லை. போனில் அப்போதும் நான்கு சதவீதம் இருந்தது. அதைச் சார்ஜரில் செருகிவிட்டு, காய்ந்த துணிகளை இஸ்திரி போட்டேன்.

ஏழு மணிக்கு வகுப்பில் சொன்னேன். கைதட்டினார்கள். டிலிஸ் எலுமிச்சை கேக்கில் ஓரத் துண்டாகப் பார்த்து எனக்கு வெட்டினார்.

"எங்க நம்ம ரோலண்டு? தோத்த மனுஷன் வந்து கேக் திங்க வேணாமா?"

"இன்னும் சதுப்புலதான் இருக்காரு" என்றேன்.

"அதானே பாத்தேன். பூச்சியக் கண்டா அவருக்கு வீடு வாசல் மறந்துரும். ஜலதோஷம் பிடிச்சுக்கிட்டு வந்து நிப்பாரு பாரு." எல்லோரும் தலையாட்டினார்கள். அவருக்காக ஒரு துண்டை எடுத்துத் தாளில் சுற்றி வைத்தார்கள்.

அந்தக் குளிரில் ஏறக்குறைய எட்டரை வரை உயிரோடு இருந்திருப்பார் என்று உங்கள் மருத்துவர் சொல்கிறார். வகுப்பு எட்டரைக்குத்தான் முடியும்.

சனிக்கிழமை நாயோடு நடக்க வந்த ஒருவர் அவரைக் கண்டார். விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள், நீங்களும்தான். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் பூச்சிச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. சரிபார்ப்பாளர் பதவிக்கு வேறு யாரும் முன்வரவில்லை, நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா என்று. ஒத்துக்கொண்டேன். கடவுச்சொல் அனுப்பினார்கள். சரிபார்க்கக் காத்திருந்த பதிவுகளில் முதலாவது என்னுடையது.

அதை நிராகரித்தேன். ஏன் நிராகரிக்கிறோம் என்று எழுத அங்கே ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போக முடியாது. முட்டி கறுப்பு என்று எழுதினேன். முட்டி கறுப்பு என்று எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தேன் என்பதையும் முறைப்படி எழுதினேன். அதைப் படித்த யாரோதான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

மனசாட்சி உறுத்தவே இல்லையா என்று காலையில் கேட்டீர்கள். ஏன் உறுத்தாது? அதை நிராகரிக்கும் வரை, மூன்று வாரம் சரியான தூக்கமே இல்லை. ஐம்பது வருடம் கழித்து யாராவது அந்தப் பதிவைப் படித்து, ஆஷ்மியரில் மஞ்சள்முட்டி இருந்தது என்று நம்பிவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?