பிறக்காத குட்டியின் கணையம்

ஞாயிற்றுக்கிழமை காலை, கோவில்பட்டியில் ஓர் ஆட்டுக்கறிக் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பெண் கடைக்காரரிடம், “அண்ணாச்சி, பொறக்காத குட்டியோட கணையம் கிடைக்குமா?” என்று கேட்டாள்.

வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது. “அது எதுக்கு?”

“ஆராய்ச்சிக்கு. பசியத் தூண்டுத செல்லு ஒண்ணு, வயித்துக்குள்ள இருக்கையிலதான் கணையத்துல நெறைய இருக்கும். பொறந்த பொறவு கொறஞ்சிரும். அது எதுலருந்து உண்டாகுதுன்னு பாக்குதோம்.”

“அப்போ சினையாட்ட அறுக்கவன்னு என்னையச் சொல்லுத! மூணு தலைமுறையா கடை வச்சிருக்கோம். சினையாட்டுல கத்தி வச்சா எங்க குடும்பம் வெளங்குமா? படிச்ச திமிரு! போட்டி அங்கிட்டு!”

“போட்டி வாட்டின்னு பேசாதீங்க. போன ஞாயித்துக்கெழம கடைக்குப் பின்னால உங்க குடல் வாளியில, முடி மொளைக்காத குட்டி ஒண்ணு கெடந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் கேக்குதேன்.”

கடைக்காரர் மறுபடி கறி வெட்டத் தொடங்கினார்.

கறியை வாங்கிவிட்டுக் கிளம்பிய பெண்ணொருத்தி திரும்பி வந்து, பையைக் கட்டைமேல் வைத்தாள்.

“போன வாரம் எம் பிள்ளைங்க தின்னது எந்த ஆடு அண்ணாச்சி?”