எஸ்தர் என்ற பெயரில் ஒரு ஓட்டு

மவுண்ட் நெபோ சபையில் ஆராதனை முடிந்ததும் பரிமாறும் பீச் பழ இனிப்புக்கு ஜார்ஜியா மாநிலத்திலேயே ஈடு கிடையாது. தேர்தல் வருடம் வந்தால் அதைச் சாப்பிட இரண்டு கட்சிக்காரர்களும் வந்துவிடுவார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அடிமை விலங்கை உடைத்தது எங்கள் கட்சிதான் என்பார் எதிர்க்கட்சி ஆள். உங்கள் தாத்தாவுக்கு ஓட்டுரிமை வாங்கிக் கொடுத்தது நாங்கள்தான் என்பார் எங்கள் ஆள். அடி வாங்கியது யார் என்பதை மட்டும் இருவரும் சொல்லமாட்டார்கள். வாங்கியவர்கள் மூன்றாவது வரிசையில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நான் லெமுவெல் கேடிஸ். சபையில் டீக்கன், கட்சியில் கறுப்பின வாக்காளர்களுக்கான பொறுப்பாளர். அதாவது, எந்தப் பாட்டுக்கு எந்த இடத்தில் கைதட்டவேண்டும் என்று வெள்ளைக்கார வேட்பாளருக்குச் சொல்லிக்கொடுப்பவன். பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. நான் எழுதிக் கொடுக்கும் உரையில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் அடிவாங்கிய பாலம் வரும், அவர்கள் மேல் ஏவிய போலீஸ் நாய் வரும், சிறைச்சாலை வரும். மூடிக்கிடக்கும் எங்கள் ஊர் மருத்துவமனை வராது. அதைச் சொன்னால் திறக்கச் சொல்லிக் கேட்பார்களே, அந்தத் தொல்லை எதற்கு?

இந்த முறை ஜனங்கள் அசையவில்லை. பாலத்தைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விட்டார்கள். தலைநகரிலிருந்து கட்சி அனுப்பிய மெரிடித் என்ற பெண் புள்ளிவிவரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், “லெம், பழைய கதையெல்லாம் தேஞ்சுபோச்சு. புதுசா ஏதாவது நடந்தா நல்லாருக்கும்” என்றாள். நடத்து என்று அவள் சொல்லவில்லை. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பெண், இப்போது பெரிய பதவியில் இருக்கிறாள்.

மதர் டார்வரின் நினைவு எனக்கு அப்போதுதான் வந்தது. சபையில் மூத்த பெண்களை நாங்கள் மதர் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு வயது எண்பத்தைந்து. ஈஸ்டர் பண்டிகையன்று பிறந்ததால் ஈஸ்டர் டார்வர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், ஓட்டுக்குப் பெயர் பதியப் போனபோது நீதிமன்றப் படியில் அடித்தார்கள். இடது காது அன்றோடு போயிற்று. இரண்டு வருடம் கழித்து ஓட்டுரிமைச் சட்டம் வந்தது, மறுபடி போனார். பதிவாளர் தலையை நிமிர்த்தாமலே ‘எஸ்தர்’ என்று எழுதிக்கொண்டார். திருத்தச் சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்களோ என்று இவரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அந்தப் பயம் போய் வீம்பு வந்துவிட்டது. “அந்தப் பேர்லதான்டா உள்ள விட்டானுங்க, அந்தப் பேர்லயே போடுறேன்” என்பார். வாக்குச்சாவடியில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அடையாள அட்டையில் ஈஸ்டர், வாக்காளர் பட்டியலில் எஸ்தர். ஐம்பத்தொன்பது வருடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

எங்கள் மாநிலத்தில் ஒரு வாக்காளர் இன்னொரு வாக்காளரின் பெயர் மீது ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். எதிர்க்கட்சியில் வெண்டல் க்ரவுஸ் என்றொருவர், இதையே பிழைப்பாக வைத்து நூற்றுக்கணக்கில் எழுதுபவர். மதரின் இரண்டு பெயரைப் பற்றி அவருக்கு என் பெயர் போடாமல் ஒரு கடிதம் போட்டேன். உறையின் மேல் முகவரியைக் கையால் எழுதியது என் தவறு. அந்தக் கையெழுத்தை வைத்துத்தானே நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். தட்டச்சு செய்திருக்கவேண்டும்.

ஆட்சேபம் வந்திருப்பதாகத் தேர்தல் அலுவலகம் ஒழுங்காக மதருக்கு அறிவிப்பு அனுப்பியது. அவருக்குப் பார்வை மங்கல். வியாழக்கிழமைதோறும் தபாலை நான்தான் படித்துச் சொல்வேன். அந்த வியாழன் மின்கட்டண ரசீதைப் படித்தேன், விதைக்கடை விளம்பரத்தைப் படித்தேன். அறிவிப்பை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் முன்கூட்டி வாக்களிக்கும் முதல் சனிக்கிழமை, ஊதா நிறத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். நான்தான் காரில் அழைத்துப் போனேன். தொலைக்காட்சிக்காரர்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள், நான் சொல்லியிருந்தேன். மேஜையில் இருந்த பெண் பாவம், புதியவள். பெயர் பொருந்தவில்லை, ஆட்சேபம் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

மதர் சத்தம் போடவில்லை. “அந்தப் பேரு நான் வச்சதில்லம்மா, உங்க ஆளுங்க வச்சது. அதுக்கு நான் ஒரு காதையே குடுத்திருக்கேன்” என்றார்.

பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு வரி நான் எழுதியதில்லை. மதியத்துக்குள் மாநிலம் முழுக்க அதைப் பார்த்துவிட்டது. வேட்பாளர் அழுதார். நான் சொல்லாமலே அழுதார்.

மதரின் வாக்கைத் தனி உறையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். தேர்தல் முடிந்து மூன்று நாளுக்குள் பெயருக்கு ஆதாரம் கொடுத்தால்தான் அதை எண்ணுவார்கள். பிறப்புச் சான்று, போதகரின் கடிதம் எல்லாவற்றையும் என் கையில் கொடுத்து, “நீயே குடுத்துரு லெம். உன்ன விட்டா எனக்கு யாரு?” என்றார். கொடுத்திருந்தால் மறுநாளே ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று செய்தி வந்திருக்கும்; ஜனங்களுக்கு வந்த கோபமும் அதோடு தீர்ந்திருக்கும். அதனால் தேர்தல் வரை கொடுக்கவில்லை. ஜெயித்த பிறகு மூன்று நாள் இருந்தது உண்மைதான். ஆனால் அவர் பெயரில் வழக்குப் போட்டிருந்தோம். ஓட்டை எண்ணிவிட்டால் வழக்கு நிற்காது; அடுத்த தேர்தலுக்கு அந்த வழக்கு வேண்டும். அவர் கொடுத்த காகிதங்கள் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் மதருக்கு நெஞ்சுவலி. நாற்பது மைல் தள்ளியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. நான் போனபோது நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“என் ஓட்ட எண்ணுனாங்களா லெம்?”

“எண்ணிட்டாங்க மதர்.”

கையைத் தட்டிக்கொடுத்தார். மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தார்.

அதைப் பொய் என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அவருக்காக நாலாயிரத்து முந்நூறு பேர் வீட்டைவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். அவர் கேட்டதோ ஒரே ஒரு ஓட்டு. அந்த அம்மாவுக்கு என்னைவிட அதிகம் செய்த ஒரு ஆள் இந்தச் சபையில் இருந்தால் காட்டுங்கள்.