சந்திரமௌலி மாமா திரித்த நூல்

ஹலோ... ஹலோ, ரஞ்சனாவா?... நான்தான், ஜெயராம்தான். கேக்கறதா?... மெதுவாத்தான் பேசுவேன், சமாஜம் ஹாலுக்கு வெளில மாடிப்படில நிக்கறேன்... இல்ல, ஆவணி அவிட்டம் இன்னும் முடியல... அரே, எனக்கு ஒண்ணும் இல்லடி, பிரஷர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ முதல்ல நான் சொல்றதைக் கேளு.

பால்கனி ரூமுக்குப் போ... ஆமா, நான் பண்ற மாடல் கப்பல் இருக்கற ரூம்... போளி அப்புறம் தட்டிக்கலாம், அடுப்பை அணைச்சுட்டுப் போ. ஜல்தி.

போயாச்சா? கப்பலுக்குப் பின்னால ஷெல்ஃப் இருக்கோல்லியோ... பாத்து, பாத்து! பாய்மரத்துல கை பட்டுடப் போறது... சரி, சரி, நீ தொடலை. மேல் தட்டுல ஒரு துணிப்பை இருக்கும்... ஆமா, அதான். அதுல பாக்கெட் ஏதாவது மிச்சம் இருக்கா பாரு... காலியா?... உதறிப் பாத்தியா?... ஒண்ணுகூடவா இல்ல?... ம்.

என்ன பாக்கெட்டா... பூணூல் பாக்கெட்.

ஆமா, பூணூல்தான்... அது ஏன் அங்க இருக்கணும்னா... சொல்றேன், இரு. இங்க பெரிய லஃப்டா ஆயிடுத்து, அதைக் கேளு முதல்ல. ஆஃபீஸ் போறவா பேட்ச் விடிகாலைலயே முடிஞ்சு எல்லாரும் ட்ரெயினைப் பிடிச்சுப் போயாச்சு. இப்ப ரெண்டாவது பேட்ச். ஹால் நிறைய ஆளு. ஈர வேஷ்டியும் பஞ்சபாத்திரமுமா உக்காந்திண்டிருக்கா. சங்கல்பம் வரைக்கும் நன்னாத்தான் போச்சு. பூணூல் மாத்திக்கற சமயத்துக்குப் பையைத் திறந்து பாத்தா, பத்தலை. பாதிப் பேருக்கு இல்ல... ஆமா, ஆமா, சந்திரமௌலி மாமா பண்ணினதுதான். வேற யாரோடதை இங்க போட்டுப்பா? வருஷம் பூரா தக்ளில நூத்து, திரிச்சு, முடிச்சுப் போட்டு அவர்தானே சமாஜத்துக்கே குடுக்கறார்... வாத்யார்கிட்ட ஸ்பேர் இல்ல. இங்க வந்தா மாமாவோடது இருக்கும்னு அவரும் கையை வீசிண்டு வந்துட்டார். காட்கோபர்ல அடுத்த கும்பல் காத்திண்டிருக்காம், முகத்தைத் தூக்கி வெச்சிண்டு உக்காந்திருக்கார்.

என்ன?... இன்னொரு டப்பாவா? எங்க?... பிஸ்கட் டப்பாவா... நீலமா? ரஞ்சனா, அதை விடு. அதுல பாக்கெட் எல்லாம் இல்ல... அரே, இல்லேங்கறேனே. அதைத் திறக்காதே. ரஞ்சனா, சொன்னாக் கேளு, அதைத் திறக்...

திறந்துட்டியா.

...

ஆமா. பூணூலோட பிரம்ம முடிச்சுதான்... எலி எல்லாம் இல்லடி. நான்தான். கத்தரிக்கோலால... எல்லாமே நான்தான் வெட்டினேன். தூக்கிப் போட மனசு வரல, அதான் டப்பால போட்டு வெச்சேன்... கத்தாதே, கீழ் ஃப்ளாட்டுக்குக் கேக்கப் போறது.

கயிறு பண்ணறதுக்கு... கப்பலுக்குக் கயிறு.

இல்ல ரஞ்சனா, நான் சொல்றதை... இல்ல... சரி, திட்டி முடிச்சுக்கோ.

...

முடிஞ்சுதா? இப்பக் கேளு. தாராவிலேர்ந்து ஒரு கோன் நூல் வாங்கிண்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா? பாலியெஸ்டர். பளபளன்னு பொம்மையோட தலைமயிர் மாதிரி இருந்தது. கப்பல்ல கட்டினா சிரிப்பா சிரிக்கும். அப்புறம் தையல் நூல்ல பண்ணிப் பாத்தேன், முறுக்க முறுக்கப் பிசிர் பிசிரா நின்னுது. நீகூட, ஹால்லேர்ந்து பால்கனி வரைக்கும் நூலைக் கட்டி வெச்சு நடக்கவே விடமாட்டேங்கறேளேன்னு சண்டை போட்டியே... ஆமா, அந்த வாரம்தான். அப்பத்தான் ஒரு நாள் சமாஜத்துல பீரோவைப் பூட்டப் போனேன். சாவி என்கிட்டதானே, செகரெட்டரி நான்தானே. மாமாவோட பை அங்க இருந்தது. ஒண்ணே ஒண்ணு எடுத்தேன். பாக்கறதுக்கு. அவ்வளவுதான், சத்தியமா.

அது என்ன நூல்ங்கறே! மூணு கொக்கில மூணு இழையை மாட்டி, நடுவுல பம்பரம் மாதிரி ஒரு கட்டையை வெச்சு, ஒரு பக்கமா முறுக்கிண்டே வந்து அந்தண்டை எதிர்ப் பக்கமா விட்டா... அப்படியே நிஜக் கயிறு. பிசிரே இல்ல. விட்டா பிரியவும் மாட்டேங்கறது. ராத்திரி பூரா அதையே இழுத்து இழுத்துப் பாத்திண்டிருந்தேன்... தெரியறது, தெரியறது, இதைச் சொல்ல இது நேரமில்ல. மறுநாள் ரெண்டு எடுத்தேன். அப்புறம் பாய்மரத்துக்கு இழுவைக் கயிறு, ஏறிப் போற நூலேணி, கப்பில கோக்கறதுக்கு... ஒரு கப்பலுக்கு எத்தனை கயிறு வேணும்னு எனக்கே தெரியாம இருந்தது. கடைசில மாமா பைலேர்ந்து பாதியை ஒரு துணிப்பைல அள்ளிப் போட்டு ஆத்துக்கே கொண்டு வந்துட்டேன்.

கலரா? டிகாஷன்ல முக்கினேன்... ஆமா. அந்த ரெண்டு நாள் காபி தண்ணியா இருந்ததுக்குக் காரணம் அதான். பால்காரனைத் திட்டினியே, பாவம்... ஆமா, உன்னோட ஸ்வெட்டர் ஊசியும் என்கிட்டதான் இருக்கு. பித்தளைக் கம்பியை அதுல சுத்தி வெட்டித்தான் வளையம் பண்ணினேன். ரஞ்சனா, ஊசியை அப்புறம் பேசிக்கலாமே!

கழட்டிண்டு வரதா? எதைக் கழட்டறது? மூணைச் சேத்து ஒண்ணா முறுக்கி, தேன்மெழுகு தேய்ச்சு, கோந்து போட்டு ஒட்டியாச்சு. இப்ப அதைப் பிரிச்சா அது பூணூலும் இல்ல, கயிறும் இல்ல... மந்திரம் சொல்லாத வரைக்கும் வெறும் நூல்தான்னு நினைச்சேன். அதுல எனக்குப் பெரிய பாவ பயமெல்லாம் இல்ல... திரும்ப வைக்கணும்னுதான் இருந்தேன். கடைல வாங்கி, மாமாவோடதுக்கு நடுவுல கலந்து வெச்சுடலாம்னு... ஆமா. கலந்து. அந்தப் புத்தியும் போச்சு எனக்கு. விக்ரோலில மாடல் எக்ஸிபிஷன் கிட்ட வந்துடுத்தேன்னு ராப்பகலா கப்பலையே கட்டிண்டு அழுதேனா, சுத்தமா மறந்து போச்சு.

யாரு?... ஆமா, ஸ்டேஷன் பக்கத்துப் பூஜா சாமான் கடை. இன்னிக்கு அவன்கிட்ட மிச்சம் இருக்குமா?... லேண்ட்லைன்ல கேக்கறியா? கேளு, கேளு. நான் லைன்லயே இருக்கேன்...

...ஆங், ஜீ, இதோ ஏற்பாடு பண்ணிண்டிருக்கேன்... வந்துடும், வந்துடும்... நீங்க உள்ள போய் உக்காருங்கோ...

ஹலோ? ம், சொல்லு... நம்ம ராஜகோபாலன், எதிர் பில்டிங். செகரெட்டரின்னா ஜெயராம்தான், எல்லாரும் உக்காந்திருக்கா, அவர் ஒருத்தர்தான் ஓடியாடிப் பண்றார்னு பாராட்டிட்டுப் போறார். எனக்கு எங்கயாவது முட்டிக்கலாம் போல இருக்கு... என்ன? இருக்கா? கடையாளே இங்க கொண்டுவந்து குடுத்துடுவானா?... அப்பாடா! ரஞ்சனா, நீ தெய்வம். போதும். தீந்துது. ஈரத்தோட உக்காந்திருக்கறவாளுக்கு ஒரு வழி பொறந்தாச்சு. சலோ, நான் வெச்சுடறேன், நீ போளியை...

மாமாவா?

மாமா... உள்ளதான் இருக்கார்... ஒண்ணும் சொல்லலை... இல்ல, யாரையும் சந்தேகப்படலை... ரஞ்சனா, வெச்சுடட்டுமா?... 

சரி. சொல்றேன். அவர் தன் தப்புன்னு நினைச்சிண்டிருக்கார். பையைத் தலைகீழாக் கவுத்துப் பாத்தார். திரும்பத் திரும்ப உதறினார். அப்புறம் எழுந்து நின்னு, எல்லாருக்கும் முன்னால கையைக் கூப்பிண்டு, என் கணக்கு எங்கயோ தப்பிப் போச்சு, மன்னிச்சுக்கோங்கோன்னார். அவர் பேரன் வயசுப் பசங்கள்லாம் உக்காந்திருக்கா... இல்ல, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. அவர் பிள்ளை ஷ்ரவண்தான். ஐரோலிலேர்ந்து காலங்கார்த்தால வந்திருக்கான். நான் சொன்னேனேப்பா, டாக்டர்கிட்ட காமிக்கலாம்னு சொன்னேனேங்கறான். போன மாசம் சாவியை உள்ள வெச்சுப் பூட்டிட்டாராம், அதுலேர்ந்தே அவனுக்குச் சந்தேகமாம். இனிமே தனியா விட முடியாது, மாடுங்கா வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் என்னோட வந்துடுங்கோன்னு அங்கயே முடிவு பண்ணிட்டான். விசாலாக்ஷி மாமிக்குப் போன் போட்டும் சொல்லிட்டான். மாமா தலையைக் குனிஞ்சிண்டு சரி சரின்னார். மாடுங்காவை விட்டு ஒரு ராத்திரி வெளில தங்காத மனுஷன்.

நான் என்ன சொன்னேனா...

ஏதோ சொன்னேன்... வேண்டாம் ரஞ்சனா... வயசானா எல்லாருக்கும் வரதுதானே மாமா, விடுங்கோன்னு சொன்னேன்.

...



ஆமா, நான்தான். தோளைத் தட்டிக் குடுத்துண்டே சொன்னேன். வாயில அதுதான் வந்துது... தெரியும். தெரியும் ரஞ்சனா, நீ சொல்லவே வேண்டாம். போன வாரம் நம்மாத்துக்கு வந்தாரே, நீகூடக் காபி குடுத்தியே. கப்பலைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, அந்தக் கயிறைத் தொட்டு, என்ன நயமா இருக்கு, எங்கடா வாங்கினேன்னு கேட்டார். ஆன்லைன்லன்னேன். அவர் விரல் அவர் திரிச்ச நூல் மேலயே இருக்கு, நான் ஆன்லைன்லங்கறேன்.

சொல்லத்தான் வேணும். சாயங்காலம் அவாத்துக்குப் போய், தனியா... இப்பவேயா? எல்லாருக்கும் முன்னாலயா? செகரெட்டரி வேலையை விடு, நாளைக்கு இந்தத் தெருவுல நான் எப்படி நடக்கறது?... என்ன? நீ வரியா? டப்பாவை எடுத்துண்டா? வேண்டாம். ரஞ்சனா, நீ அந்த டப்பாவோட இங்க வந்து நிக்காதே... பயமில்லடி. வெக்கமா இருக்கு. வெத்து மார்போட நிக்கறேன், தோள்ல இருக்கறதும் அவர் பண்ணினதுதான். எந்த மூஞ்சிய வெச்சிண்டு உள்ள போறது...

இரு. மாமா வரார். வெளில வரார்... போனை வெச்சுடாதே, இரு...

வாங்கோ மாமா... இல்ல, ரஞ்சனாதான், கடைக்குப் போன் பண்ணச் சொல்லியிருந்தேன். வந்துண்டே இருக்கு... ஐயோ, எனக்கெதுக்குத் தாங்க்ஸ்... மாமா, கையை எடுங்கோ. என்னைப் பாத்துக் கும்பிடாதீங்கோ, ப்ளீஸ்... என்ன கேக்கறேள்?... டாக்டரா?... யாருக்கு மாமா... ஷ்ரவணுக்குத் தெரியாமலா... மாமிகிட்டயும் சொல்லப்படாதா...

மாமா, இப்படி உக்காருங்கோ. இந்தப் படிலயே உக்காருங்கோ... டாக்டர் எல்லாம் வேண்டாம். உங்க கணக்கு தப்பலை... சமாதானத்துக்குச் சொல்லலை மாமா. நீங்க சரியாத்தான் குடுத்தேள். பீரோலேர்ந்து நான்தான் எடுத்தேன்... ஆமா, நான். எங்காத்துக் கப்பல்ல அன்னிக்குத் தொட்டுப் பாத்தேளே, அது உங்க நூல். முடிச்சை வெட்டிட்டு, முறுக்கி, டிகாஷன்ல முக்கினேன்... ஆன்லைன்லன்னு சொன்னது பொய்... உள்ள உங்களைத் தட்டிக் குடுத்துண்டு சொன்னேனே, அப்பவும் எனக்குத் தெரியும் மாமா. தெரிஞ்சுதான் சொன்னேன்.

நாலு அறை வேணா அறையுங்கோ மாமா... நிஜமா மாமா... ஆமா, நிஜமாத்தான்... ரஞ்சனா மேல சத்தியமா. அவ லைன்லதான் இருக்கா, கேட்டுக்கோங்கோ... 

மாமா? மெதுவா, படி ஈரமா இருக்கு... மாமா!

ரஞ்சனா... இருக்கேன்... கேட்டியா எல்லாம்?... இல்ல, ஒரு வார்த்தை திட்டலை. ஓடறார்... ஆமாடி, ஓடறார். வேஷ்டியைத் தூக்கிப் பிடிச்சிண்டு உள்ள ஓடறார். ஷ்ரவண், ஷ்ரவண்னு கத்தறார், கேக்கறதா?... அவன் கையைப் பிடிச்சு உலுக்கறார். நான் ஒண்ணும் மறக்கலைடா, ஜெயராம் எடுத்திருக்காண்டாங்கறார்... இப்ப வாத்யார்கிட்ட போயிட்டார்... சிரிக்கறார், ரஞ்சனா. கண்ணுல தண்ணி வழியச் சிரிக்கறார். ஒவ்வொருத்தரா எழுப்பி எழுப்பிச் சொல்றார்...

எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிட்டா. ராஜகோபாலன் எழுந்து நிக்கறார்... போறேன். போகாம எங்க போறது... இல்ல, நீ வர வேண்டாம், நானே பாத்துக்கறேன். மாமிக்கு மட்டும் ஒரு போன் பண்ணிச் சொல்லிடு, பாவம், மூட்டை கட்ட ஆரம்பிச்சிருப்பா...

கூப்பிடறா. நான் திருடினேன்னு தெரிஞ்சதுல அவருக்கு இத்தனை சந்தோஷம்டி... வெச்சுடறேன்.